பீரோவிலிருந்து பொதுச் சேமிப்பகத்துக்கு: சிறிய அலுவலகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிட்டர் அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம், அறக்கட்டளை, ஒப்பந்ததாரர் அலுவலகம், பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம். தமிழ்நாட்டில் இத்தகைய இடங்களில் தாள் கோப்புகளை மின்னணு வடிவத்துக்கு மாற்றும்போது எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. சட்டம் தொடர்பான பதில்கள் பொதுவானவை. உங்கள் தொழிலுக்கென்று தனி விதிகள் இருக்கலாம் என்பதால், எதையும் அழிப்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்கேனர் வாங்குவது?

ஸ்கேனர் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பீரோ பீரோவாகப் போங்கள். ஒவ்வொரு தட்டிலும் எந்த வகைக் கோப்புகள் இருக்கின்றன, அவற்றை யார் எடுக்கிறார்கள், கடைசியாக எப்போது தேவைப்பட்டன, எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த நோட்டு இல்லாமல் தொடங்கிய அலுவலகங்களில், பீரோவில் இருந்த குழப்பம் அப்படியே கணினிக்குக் குடியேறியதைத்தான் பார்க்க முடிகிறது. பீரோவில் தேடினால் தூசியாவது வழிகாட்டும். எந்தக் கட்டு பழையது, எது புதியது என்று கண்ணுக்கே தெரியும். ‘ஸ்கேன்_0047’ என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளில் அதுவும் தெரியாது.

பட்டியல் முடிந்த பிறகு, தாள்களைத் தானே உள்ளிழுத்து இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் பதியும் ஸ்கேனர் ஒன்றை வாங்குங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தோடு சேர்ந்து வரும் ஸ்கேனர் சில கடிதங்களுக்குப் போதும். ஒரு பீரோவைக் காலி செய்ய உதவாது. கார்பன் நகல் போன்ற மெல்லிய தாள்களும் ஓரம் கிழிந்தவையும் உருளையில் சிக்கிக் கிழிந்துவிடும். அவற்றைக் கண்ணாடி மேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே சமதளக் கண்ணாடியும் உள்ள ஸ்கேனராக இருந்தால் நல்லது. 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் பதிந்தால் சாதாரணக் கடிதங்களுக்குப் போதும். நெடுங்காலம் வைக்க வேண்டியவற்றை பி.டி.எஃப்./ஏ வடிவத்தில் சேமியுங்கள். எழுத்துருக்களையும் கோப்புக்குள்ளேயே அடக்கி வைக்கும் இந்த வடிவம் 2005 முதல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக இருக்கிறது.

ஸ்டேப்ளர் பின்களை எடுக்க ஓர் ஆள் தனியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பின் எடுப்பது, மடிப்பை நீவுவது, டேக்கை அவிழ்ப்பது ஆகியவற்றுக்குத்தான் பாதி நேரம் போகும்.

இருபது ஆண்டுத் தாள்களையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 வசதியானது. அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு தாளும் வந்த அன்றே ஸ்கேன் ஆகட்டும். பழையவற்றில் இப்போதும் கை படுகிற கோப்புகளை, அதாவது நடப்பு வாடிக்கையாளர்கள், நிலுவை வழக்குகள், முடியாத ஒப்பந்தங்கள் ஆகியவற்றை முதல் சுற்றில் எடுங்கள். மீதி பீரோவிலேயே இருக்கட்டும். என்றைக்காவது ஒரு கோப்பைத் தேடி எடுக்க நேர்ந்தால், திருப்பி வைப்பதற்கு முன் ஸ்கேன் செய்துவிடுங்கள். பல ஆண்டுகளாக யாரும் தொடாத கட்டுக்குப் பணம் செலவழிப்பதில் பொருளில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள். பெட்ரோல் பங்க் பில், ஏ.டி.எம். சீட்டு, கார்டு தேய்த்த ரசீது எல்லாம் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வெளுத்து வெறும் தாளாகிவிடும். அவற்றை முன்னுரிமை கொடுத்து முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தைத் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு, அந்த 72 மாதங்கள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அந்தத் தாள்களைக் காக்க வேண்டும். இந்த இரண்டும் வெவ்வேறு நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அதனால் ‘எட்டு வருஷம் ஆச்சு, போட்டுடலாம்’ என்று மொத்தமாக முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு கோப்பு உறையின் பெயரிலும் ‘அழிக்கலாம்: ஏப்ரல் 2034’ என்பது போல முடிவு நாளைச் சேர்த்துவிட்டால், பிறகு யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அரசு அலுவலகங்களின் முறையில் நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் மென்பொருளில் இன்று பல அரசுத் துறைகள் கோப்புகளை நகர்த்துகின்றன. அதற்கு வெகு காலம் முன்பே, சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரி வகுத்த அலுவலக நடைமுறை வந்துவிட்டது. வரும் ஒவ்வொரு தபாலுக்கும் ஒரு ந.க. (நடப்புக் கணக்கு) எண், அதைக் கவனிக்கும் எழுத்தரின் தன்பதிவேட்டில் அதற்கொரு வரி, வேலை முடிந்ததும் ஆயுளைச் சொல்லும் முத்திரை. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம்.

இந்த முறையின் அழகைக் கவனியுங்கள். ஒரு கோப்பு எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதை, அதை முடிக்கிறவரே, விஷயம் நினைவில் இருக்கும்போதே தீர்மானித்துவிடுகிறார். பத்தாண்டு கழித்துப் பதிவறையில் நிற்கும் புதியவர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த ஆவண மேலாண்மை மென்பொருள்கள் இன்று விற்பதும் இதே வசதியைத்தான். கணினியில் ‘முடிந்தவை’ என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று நான்கு அடைவுகள் போட்டால் உங்கள் அலுவலகத்துக்கும் அந்த ஒழுங்கு கிடைத்துவிடும். எத்தனை ஆண்டு என்பதை மட்டும் உங்கள் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்த பிறகு மூலத்தைத் தூக்கிப் போடலாமா?

சாதாரணக் கடிதங்கள், விலைப்புள்ளிகள், உள் அலுவலகக் குறிப்புகள் ஆகியவற்றைப் போடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. ஆனால் உயில், அறக்கட்டளை ஆவணம் போன்றவை அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. அவற்றின் மூலத்தைப் பாதுகாத்தே ஆக வேண்டும்.

கிரையப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களும் இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வரவே வேண்டாம். சொத்தின் பேரில் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் மூலத்தைத்தான் கேட்பார். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், பிராமிசரி நோட்டு, பங்குச் சான்றிதழ், கையெழுத்திட்ட கூட்ட நடவடிக்கைப் புத்தகம், ஊழியர்களின் மூலச் சான்றிதழ்கள் எல்லாம் இந்த வரிசையில் சேரும். (ஊழியர்களின் மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் பிடித்து வைத்திருந்தால், ஸ்கேன் செய்யும் சாக்கில் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை அவர்களுடைய சொத்து.)

ஸ்கேன் நகல் நீதிமன்றத்தில் செல்லுமா?

மூலம் இருந்தால் நீதிமன்றம் மூலத்தையே கேட்கும். அது இல்லாத நிலையில் நகலைக் காட்ட, மூலம் எங்கே போனது என்பதை முதலில் விளக்க வேண்டும். மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்டும் நடைமுறை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடம் இது. பதிவோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆகவே யார், எந்த நாளில், எந்த இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார் என்ற பதிவேடு ஒன்றை இப்போதே தொடங்குங்கள். தகராறு வந்த பிறகு அதை நினைவிலிருந்து எழுத முடியாது. வழக்கு வர வாய்ப்புள்ள எந்தத் தாளையும் அழிக்காதீர்கள்.

கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பா, அலுவலகத்திலேயே ஒரு சேமிப்புப் பெட்டியா?

இணைய இணைப்பு நிலையாக இருந்து, சிலர் வெளியூரிலிருந்தும் வேலை செய்தால் மேகம். பெரிய வரைபடங்கள், வீடியோக்கள் என்று கனமான கோப்புகளோடு எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருந்தால், அவற்றின் காப்பு நகல் நாள்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேமிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. சேவை வழங்குபவரிடம் இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நம் ஊரில் மிகப் பல சிறு அலுவலகங்கள், யாரோ ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயில் கணக்கிலுள்ள 15 ஜி.பி. இலவச இடத்தில்தான் ஓடுகின்றன. அவர் வேலையை விட்டுப் போனாலும், கடவுச்சொல்லை மறந்தாலும், கோபித்துக்கொண்டாலும் அலுவலகத்தின் நினைவே அவரோடு போய்விடும். காசு கொடுத்து அலுவலகத்தின் பெயரில் கணக்கு வாங்குங்கள். அங்கும் ‘மை டிரைவ்’ வேறு, ‘ஷேர்டு டிரைவ்’ வேறு. முன்னதில் கோப்பு அதை உருவாக்கிய தனிநபருக்குச் சொந்தம். பின்னதில் அலுவலகத்துக்குச் சொந்தம். பொதுக் கோப்புகள் பின்னதில்தான் இருக்க வேண்டும்.

மேகத்தில் இருந்தால் அதுவே பேக்கப்தானே?

இல்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஒத்திசையும் அடைவில், ஒருவர் தவறுதலாக அழித்தால் எல்லோரிடமும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும். மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குக்கான ஒன்டிரைவில் 93 நாள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் ஜூனில் அழிந்த கோப்பைத் தேடுவீர்கள். பணம் கேட்டு மிரட்டும் நச்சு நிரல் ஒரு கணினியில் புகுந்தாலும் இதே கதைதான்: பூட்டப்பட்ட கோப்புகள் ஒத்திசைந்து எங்கும் பரவும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற இத்தகைய நிரல் உலகெங்கும் அலுவலகங்களை முடக்கியது.

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். பழைய விதிதான், இன்றும் சரியான விதி. வாரம் ஒரு முறை வெளிப்புற ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கணினியிலிருந்து பிடுங்கி, வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தரைத்தள அலுவலகங்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தாள் கோப்பும் கணினியும் ஒரே தண்ணீரில்தான் கிடந்தன. நாஸ் பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று பிரதியெடுப்பதும் பேக்கப் ஆகாது. அது ஒரு வட்டு பழுதானால் மட்டுமே காப்பாற்றும். மாதம் ஒரு முறையாவது நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது? தமிழில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைத் தொடக்கத்தில் போடுங்கள்: ‘2025-06-18_மின்வாரியம்_பெயர்மாற்றம்_கடிதம்’. நாம் வழக்கமாக எழுதும் 18.06.2025 என்ற வரிசையில் வைத்தால், எல்லா ஆண்டுகளின் 18-ஆம் தேதிகளும் ஒன்றாகக் குவிந்துவிடும்.

தமிழ்ப் பெயருக்கு நீள வரம்பு ஒன்று உண்டு. பெரும்பாலான நாஸ் பெட்டிகள் லினக்ஸில் இயங்குகின்றன. அங்கே ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’ மூன்று பைட்; ‘கூ’, ‘க்’ போன்றவை ஆறு. ஆகவே தமிழ்ப் பெயர் ஐம்பது எழுத்தை நெருங்கும்போதே சேமிக்க மறுக்கலாம். விண்டோஸிலோ, அடைவுகளையும் சேர்த்த முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும். அடைவுக்குள் அடைவாக ஏழெட்டு அடுக்கு போகாமல் மூன்றோடு நிறுத்துங்கள்.

இதைவிட அதிகம் தொல்லை தருவது, ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுவது. ஒருவர் தூத்துக்குடி என்பார், இன்னொருவர் டூட்டிகொரின் என்பார். திருவல்லிக்கேணி, டிரிப்ளிகேன்; மின்வாரியம், ஈ.பி. வாடிக்கையாளர் பெயரில் முன்னெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலும் குழப்பம். கணினி எழுத்தைத்தான் தேடும். இரண்டும் ஒரே ஊர் என்று அதற்குத் தெரியாது. ஊர், துறை, வாடிக்கையாளர் பெயர்களுக்கு ஒரு நிலையான பட்டியல் தயாரித்து எல்லோர் மேசையிலும் ஒட்டுங்கள். ஒரு பக்கப் பட்டியல்தான். மிச்சமாகும் நேரமோ மிகப் பெரிது.

பழைய தமிழ் வேர்டு கோப்புகளைத் திறந்தால் கிறுக்கல்களாக வருகின்றனவே?

அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும். ஆனால் தேட முடியாது. ‘வாடகை’ என்று தேடினால் ஒன்றுமே வராது. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடு, டேஸ்-16 என்ற இரு எழுத்துக் குறியாக்க முறைகளைத் தரநிலையாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளை, ஏன் பிந்தையவை பலவற்றையும், எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, என்றாலும் ரகசியக் கோப்புகளை அங்கே ஒட்டாமல் கணினியில் நிறுவும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பத்திகளில் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பும். மாற்றியபின் ஒருவர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்கேன் செய்த தமிழ்த் தாளுக்குள் சொல்லைத் தேட முடியுமா?

அச்சான தெளிவான தாள் என்றால் முடியும். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருள் தமிழை அறியும். கூகுள் டிரைவும் அறியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில், அதாவது தும்பிக்கை போல வளைந்த ணை, லை, னை முதலியவற்றில் எழுதிய பழைய தாள்களில் பிழை மிகும். கையெழுத்தை நம்பவே வேண்டாம். இதனால்தான் கோப்புப் பெயரில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

யார் எதைப் பார்க்கலாம் என்று எப்படிப் பிரிப்பது?

சம்பளம், ஊழியர் கோப்புகள், வாடிக்கையாளரின் ஆதார், பான் நகல்கள் ஆகியவற்றைத் தனி அடைவில் வைத்து, தேவையான இருவர் மூவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மீதியை எல்லோரும் பார்க்கட்டும். அழிக்கும் உரிமை மட்டும் ஒருவரிடம் இருக்கட்டும். ‘இணைப்பு கிடைத்தவர் யாரும் பார்க்கலாம்’ என்ற தேர்வை அலுவலகம் முழுவதற்கும் அடைத்துவிடுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு அலுவலகத்தின் மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது. ஆதாருக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலே பல வேலைகளுக்குப் போதும். வாடிக்கையாளரிடம் அதையே கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாம் அனுப்பிக்கொள்கிறோமே?

தகவல் சொல்ல அது நல்லது. படமாக அனுப்பும் தாளை அது சுருக்கிவிடுவதால் சிறிய எழுத்துகள் கலங்கும்; கைப்பேசி தொலைந்தால் ஆவணமும் தொலையும். வாட்ஸ்அப்பில் வரும் எந்தத் தாளும் அன்று மாலைக்குள் பொது அடைவுக்கு வந்துவிட வேண்டும் என்று விதி வையுங்கள்.

எங்கள் மூத்த எழுத்தர் ஒத்துழைக்க மறுக்கிறார். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். அவர் மறுக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? முப்பது ஆண்டு பீரோவைப் பார்த்துக்கொண்டவருக்கு, எந்த வாடிக்கையாளரின் கோப்பு அவருடைய தம்பி பெயரில் இருக்கிறது, எந்த நிலத் தகராறில் சமாதானக் கடிதம் வேறு கட்டுக்குள் போய்விட்டது, எந்த ஆண்டுப் பதிவேடு இரண்டாகப் பிரிந்தது என்பதெல்லாம் மனப்பாடம். அலுவலகத்தின் உண்மையான அட்டவணை அவரிடம்தான் இருக்கிறது. அது எங்கும் எழுதப்படவில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில், எத்தனை ஸ்கேனர் இருந்தாலும் அது போய்விடும்.

ஆகவே அடைவுகளின் அமைப்பை அவரே வரையட்டும். முதல் கேள்வியில் சொன்ன அந்த நோட்டை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். இளைஞர் ஒருவர் தட்டச்சு செய்யட்டும், அவர் சொல்லட்டும். ‘ஐயா, இது எதில் சேரும்?’, ‘அம்மா, இந்தக் கட்டை ஏன் தனியாக வைத்தீர்கள்?’ என்று கேட்கும்போது வரும் பதில்களை ஒவ்வோர் அடைவிலும் ‘குறிப்பு’ என்ற சிறு கோப்பில் பதியுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தால், முதலாளியே நேரில் அழைத்து, போகாது என்று சொல்ல வேண்டும். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். இந்த வேலையை முறையாகச் செய்த அலுவலகங்களில், ஸ்கேன் சரிபார்ப்பின் பொறுப்பாளராக அவரே ஆகிவிடுகிறார். வரிசை தவறிய பக்கம், தலைகீழான பக்கம், விடுபட்ட பின்பக்கம் எல்லாம் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

தாளும் கணினியும் எத்தனை நாள் சேர்ந்து ஓடலாம்?

மூன்று மாதம் போதும். அதற்கு மேல் போனால், சிலர் தாளிலும் சிலர் கணினியிலும் திருத்திக்கொண்டே போவார்கள். எது கடைசி வடிவம் என்று யாருக்கும் தெரியாது. நாள் குறித்து, அதன்பின் கணினியில் உள்ளதே அலுவலகப் பதிவு என்று சுற்றறிக்கை விடுங்கள்.

அழிக்க வேண்டிய தாள்களை எடைக்குப் போடலாமா?

முழுத் தாளாகப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகும் தாள் பெட்டிக்கடைப் பொட்டலமாகத் திரும்பி வரும். அதில் உங்கள் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு எண் இருக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டபின் எடைக்குக் கொடுங்கள். அதற்கு முன் இருவர் கையெழுத்திட்ட அழிப்புப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: கோப்பின் பெயர், ஆண்டு, ஸ்கேன் நகல் இருக்கும் இடம், காப்பு நகலில் திறந்து பார்த்த தேதி. அந்தப் பட்டியலை நி.மு. அடைவில் வையுங்கள்.